திருமண உரிமை வாக்கெடுப்புக்கு வரும்போது: தற்காக்கும் பக்கத்துக்கு ஒரு களக் கையேடு

கையில் இருக்கும் உரிமையையும் வாக்குச்சீட்டால் பறித்துவிட முடியும். ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. ஜூனில் திருமணங்கள் தொடங்கின. நவம்பர் 4ஆம் தேதி அந்த உரிமையை நீக்கும் 'முன்மொழிவு 8' வாக்கெடுப்புக்கு வந்தது. 52 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு பெற்று எல்லாவற்றையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டே மெய்ன் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய திருமணச் சட்டம் மக்கள் வாக்கில் 53க்கு 47 என்று அடிபட்டது.

அதே மெய்ன் 2012இல் மறுபடி வாக்களித்தபோது கணக்கு ஏறத்தாழ அப்படியே தலைகீழானது. திருமணத்தைத் தடைசெய்ய வந்த அரசியல் சட்டத் திருத்தத்தை மினசோட்டா அதே நாளில் தோற்கடித்தது. நடுவில் இருந்த மூன்றாண்டுகளில் களப்பணி செய்யும் முறையே மாறிப்போயிருந்தது. பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தும் விளம்பரத்துக்குப் பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. மனம் ஊசலாடுபவர்களின் வாசலில் நின்று பொறுமையாகப் பேச ஆள் இருந்தது. மற்ற வேலைகளெல்லாம் இந்த இரண்டுக்கும் துணைதான்.

முதலில் எண்ணும் விதியைப் படியுங்கள்

போஸ்டர் அடிப்பதற்கு முன், எது நடந்தால் தோற்போம், எது நடந்தால் ஜெயிப்போம் என்பதைச் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது ஊருக்கு ஊர் வேறு.

மினசோட்டாவில் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற, அந்தத் தேர்தலில் வாக்களித்த எல்லோரிலும் பாதிக்கு மேல் 'ஆம்' போட வேண்டும். அந்தக் கேள்வியை வெறுமனே விட்டவரின் சீட்டும் 'இல்லை'யாகவே கணக்காகும். முடிவெடுக்கத் தடுமாறும் ஒருவரிடம் அங்கே "உறுதியில்லை என்றால் விட்டுவிடுங்கள்" என்று சொல்லலாம். கலிபோர்னியாவில் அதே பேச்சு பேசினால் வீண். விட்டுவிட்ட சீட்டுக்கு அங்கே எந்த எடையும் இல்லை.

ருமேனியாவில் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்காக 2018 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பு செல்லுபடியாக 30 சதவீதத்தினர் வந்து வாக்களித்திருக்க வேண்டும். உரிமைப் பக்கத்தினர் புறக்கணிக்கச் சொன்னார்கள். 21 சதவீதம்தான் வந்தது, திருத்தம் விழுந்தது. இதைப் பார்த்துப் புறக்கணிப்பை எல்லா இடத்துக்கும் மருந்தாக்கிவிடக் கூடாது. ஸ்லோவேனியாவில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை எதிர்க்க வேண்டும், அந்த எதிர்ப்பு மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ரத்து. 2015 டிசம்பரில் எதிர்ப்பாளர்கள் அந்த ஐந்தில் ஒன்றைத் தாண்டினார்கள். ஆதரவாளர்களில் வீட்டில் இருந்துவிட்டவர்கள் அதைத் தடுக்க முடியவில்லை. ஸ்விட்சர்லாந்தில் நாடாளுமன்றச் சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையொப்பம் சேர்த்தால் வாக்கெடுப்பு வரும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். 2021 செப்டம்பர் 26 அன்று 64.1 சதவீதம் ஆதரவு கிடைத்தது.

அடுத்தது வாக்குச்சீட்டில் அச்சாகும் வாசகம். 'முன்மொழிவு 8'க்கு ஆதரவாளர்கள் கேட்ட தலைப்பு வேறு. மாநில அட்டர்னி ஜெனரல் ஜெரி பிரவுன் "ஒரே பாலின இணையரின் திருமண உரிமையை நீக்குகிறது" என்ற பொருளில் தலைப்பை மாற்றினார். எதிர்த்து வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தலையிட மறுத்தது. வாசகத்துக்கு ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். அந்தத் தேதி வருவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பிடித்து வையுங்கள்.

தலைப்பு நன்றாக அமைந்தும் குழப்பம் தீரவில்லை. உரிமையைக் காக்க 'இல்லை' போட வேண்டிய சீட்டில், "திருமணத்துக்கு ஆதரவு, அதனால் 'ஆம்'" என்று போட்டவர்கள் உண்டு; எதிர்ப்பக்கத்திலும் அப்படித் தவறிப் போட்டவர்கள் உண்டு. எந்தத் துண்டறிக்கையிலும் எந்தப் பேச்சிலும் பொருளையும் போட வேண்டிய வாக்கையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்: "திருமணம் தொடர வேண்டும் என்றால் 'இல்லை'." மாதிரி வாக்குச்சீட்டை அச்சடித்துக் கையில் கொண்டு போய், எந்த இடத்தில் நிரப்ப வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

தலைக் கணக்கு

உங்கள் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர் வாக்களிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50,001 போதும் என்று திட்டமிட்டால் தோல்விதான். இந்த விஷயத்தில் கருத்துக் கணிப்பில் "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்பவர்களில் பெரும்பகுதி கடைசியில் எதிராகப் போய்விடுகிறார்கள். முடிவெடுக்காதவர்கள் எல்லோரையும் எதிர்ப்பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். 52,000 இலக்கு, உறுதியான ஆதரவு 44,000 என்றால் இன்னும் 8,000 வேண்டும்.

பத்துப் பேருடன் ஆழமாகப் பேசி ஒருவர் நிலையாகத் திரும்பினால் அது நல்ல வேலை. 8,000க்கு 80,000 உரையாடல். மூன்று மணி நேர ஷிப்டில் ஒருவரால் உருப்படியாக ஐந்து உரையாடல்தான் முடியும், ஏனென்றால் பாதிக் கதவுகளுக்கு மேல் திறக்கவே மாட்டார்கள். அப்படியானால் 16,000 ஷிப்ட். 40 வாரம் இருந்தாலும் வாரத்துக்கு 400 ஷிப்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு விஷயம் விளங்கும். கடைசி எட்டு வாரத்தில் தொடங்கினால் இது முடியாது. பேசி மாற்றுவதோடு, ஆதரவாளராக இருந்தும் வாக்களிக்கப் போகாதவர்களைக் கொண்டுவரும் வேலையும் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஒரு வாக்குக்கு ஆகும் உழைப்பு அதில் குறைவு. 2012 வாக்குக்கு முன் மெய்ன் பிரசாரக்காரர்கள் நேருக்கு நேர் பேசிய உரையாடல்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த மாநிலத்தின் மக்கள்தொகையே 13 லட்சத்தைச் சுற்றித்தான்.

பிள்ளைகளைக் காட்டி வரும் விளம்பரம்

இது வரும். வராமல் இருக்காது. கலிபோர்னியாவில் ஒரு சிறுமி பள்ளியிலிருந்து வந்து, இளவரசன் இளவரசனைக் கட்டலாம் என்று படித்ததாகத் தாயிடம் சொல்லும் விளம்பரம் ஓடியது. அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையின் திருமணத்துக்கு நகர மண்டபத்துக்குப் போன செய்தி வெளியானதும் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பதில் விளம்பரம் வந்தது, ஆனால் தாமதமாக. கடைசி வாரங்களில் உரிமைப் பக்கத்தை விட்டு நழுவியவர்களில் பெரும்பகுதி வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை வைத்திருந்த பெற்றோர் என்று பின்னர் செய்த அலசல் காட்டியது. உரிமைக்கு எதிரான அந்தப் பிரசாரத்தை நடத்திய அதே ஆலோசனை நிறுவனம்தான் 2009இல் மெய்னிலும் வேலை செய்தது. பாட்டும் அதே பாட்டு.

பதில் தயாரிப்பில் நடக்கும் தவறுகள் மூன்று.

முதலாவது, பதிலே சொல்லாமல் இருப்பது. "அதைத் தொட்டால் பெரிதாகும்" என்று நினைத்துச் சமத்துவம், பாகுபாடு என்றே பேசிக்கொண்டிருப்பது. பயந்துபோன தகப்பனுக்கு அது காதில் விழாது.

இரண்டாவது, "இது பொய்" என்று மட்டும் சொல்வது. கல்வி அதிகாரி ஒருவர் தோன்றி, பாடத்திட்டத்தில் அப்படி இல்லை என்று சொன்னால் போதும் என்று எண்ணுகிறார்கள். அது தேவைதான், ஆனால் பாதி வேலை. பெற்றோரின் கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதல்ல. என் பிள்ளையை வளர்க்கும் பிடி என் கையை விட்டுப் போகிறதா என்பதுதான். அதற்கு இன்னொரு பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும்: எது சரி எது தப்பு என்று என் பிள்ளை என்னிடம்தான் கற்கிறது, எந்தச் சட்டமும் அதை மாற்றாது. சொல்பவர் கணவன், மனைவி, பிள்ளைகள் என்றிருக்கும் சாதாரணக் குடும்பத்தவர், முடிந்தால் ஆசிரியர். சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினால் போதும்.

மூன்றாவது, காலம். எதிர்விளம்பரம் வந்த பிறகு எழுதி, படம் பிடித்து, நேரம் வாங்கினால் பத்து நாள் போய்விடும். முதல் எதிர்விளம்பரம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே இரண்டு மூன்று பதில்களைப் படம் பிடித்து வையுங்கள்; கடைசி மூன்று வார ஒளிபரப்பு நேரத்துக்குப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். எதிர்விளம்பரம் வந்த 48 மணி நேரத்துக்குள் பதில் திரையில் ஓட வேண்டும்.

அயர்லாந்தின் வழி இன்னும் கூர்மையானது. 2015 மே 22 வாக்கெடுப்புக்கு முன்பே, தத்தெடுப்பு உள்ளிட்ட விஷயங்களைத் தனிச் சட்டமாக நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. எதிர்ப்பக்கம் தாயையும் குழந்தையையும் போட்டு வாடகைத்தாய் சுவரொட்டி ஒட்டியபோது, இந்த வாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாக்கெடுப்பு ஆணையத் தலைவர் நீதிபதி கெவின் கிராஸும் தத்தெடுப்பு ஆணையத் தலைவர் ஜெஃப்ரி ஷானனும் சொன்னார்கள். கட்சி சாராத அதிகாரியின் ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு பிரசாரக்காரரின் பத்து நிமிடப் பேச்சுக்கு இல்லை. அப்படிப்பட்டவர் யார் என்று முன்னதாகவே தேடி வையுங்கள். முடிவு 62 சதவீதம் ஆதரவு.

வாசலில் நின்று பேசுவது

கலிபோர்னியாவின் 2008 தோல்விக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் எல்ஜிபிடி மையத்தின் தொண்டர்கள், தங்களுக்கு எதிராக அதிகம் வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவு தட்டி, ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். டேவ் ஃபிளைஷர் வழிநடத்திய அந்த வேலையில் உருவானதுதான் இன்று பல நாடுகளில் பயன்படும் நீண்ட உரையாடல் முறை. மயாமியில் திருநர் உரிமை பற்றி இப்படி நடந்த சுமார் 10 நிமிடப் பேச்சுகளின் விளைவு மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்ததாக 2016இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. திருமணம் பற்றி 2014இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, மூலத் தரவைக் காட்ட முடியாமல் 2015இல் திரும்பப் பெறப்பட்டது. பயிற்சி வகுப்பில் யாராவது அதை மேற்கோள் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்துக்கு அதைவிட நல்ல பிடி கிடைக்காது.

பேச்சின் போக்கை ஒரு மாதிரியில் பார்ப்பது எளிது. சிட்னியின் மேற்குப் புறத்தில் ஒரு ஈழத்தமிழ் வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அன்ரி, பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ. பத்தெண்டா கட்டாயம் ஆதரவு, பூச்சியமெண்டா கட்டாயம் எதிர்ப்பு. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"ஒரு நாலு எண்டு போடு தம்பி. அவையள் தங்கட பாட்டில இருக்கட்டும். கலியாணம் எண்டுறதுதான் ஒருமாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி, அன்ரி?"

இங்கே தொண்டர் வாயை மூட வேண்டும். ஐந்து விநாடி அமைதி நீளமாகத் தோன்றும். அதை நிரப்பினால் உண்மையான காரணம் வெளியே வராது.

"பேரப்பிள்ளையள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

உடனே பதில் சொல்லக் கூடாது. குறித்துக்கொண்டு அடுத்த கேள்வி: "உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களில ஆரும் அப்பிடி இருக்கினமோ?"

"என்ர மச்சாளின்ர மகன் எண்டு ஒரு கதை. நாங்கள் கேக்கேல்ல. அவன் இப்ப வீட்டுக்கும் வாறேல்ல."

திருப்பம் இதுதான். "அவர் சின்னனில எப்பிடி இருந்தவர், அன்ரி?" என்று அந்தப் பையனைப் பற்றியே பேச விடுங்கள். பிறகு அன்ரியின் சொந்தத் திருமணத்துக்கு வாருங்கள்: "அங்கிள் வருத்தமாக் கிடக்கேக்க ஆர் பக்கத்தில நிண்டது?" "நான்தான். வேற ஆர்?" "மச்சாளின்ர மகனுக்கும் அப்பிடி ஒராள் வேணுமெண்டு நினைக்கிறியளோ?" இதற்குப் பின்தான் தொண்டர் தன் காரணத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும், தன் அண்ணன், தன் தோழி, தானே என்று எதுவானாலும் உண்மையானதாக. பேரப்பிள்ளைக் கேள்விக்குப் பதில் அதற்கும் பிறகு: "உங்கட பேரப்பிள்ளையளுக்கு நீங்கள் சொல்லிக் குடுக்கிறதை ஆரும் மாத்த ஏலாது." கடைசியில் மறுபடி எண் கேளுங்கள். நாலு ஆறானால் வெற்றி. நாலு நாலாகவே இருந்தாலும் குறித்துவையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே தொண்டர் திரும்பிப் போகலாம்.

அடிக்கடி கெட்டுப்போகும் இடம் முடிவுதான். இனிமையாகப் பேசி, தேநீர் குடித்து, எண் கேட்காமல் வந்துவிடுவார்கள். தாளில் 'ஆதரவு' என்று எழுதுவார்கள். "யோசிப்பம் தம்பி" என்பது மரியாதை, வாக்கு அல்ல. வாயால் "ஆதரவாகப் போடுவேன்" என்று சொன்னவரை மட்டும் ஆதரவில் சேருங்கள். பூச்சியம், ஒன்று என்பவரிடம் நன்றி சொல்லி நகருங்கள். அங்கே வாதம் செய்யும் 20 நிமிடம் அடுத்த தெருவின் நாலும் ஐந்தும் உள்ளவர்களிடமிருந்து பிடுங்கியது.

புதிய தொண்டருக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி, அதில் பாதி ஒருவரோடொருவர் பேசிப் பார்ப்பது. இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். அவமானப்படுத்தும் வாசல் எப்படியும் ஒன்று வரும். தன்னைப் பற்றியே பேசவேண்டிய தொண்டருக்கு அது ஆழமாகக் குத்தும். ஷிப்ட் முடிந்ததும் அரைமணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதைத் தவறவிடாதீர்கள். அதை விட்ட குழுக்களில் மூன்றாவது வாரம் ஆள் வராது.

நம்மவர் வாழும் பகுதிகள்

ஆஸ்திரேலியாவின் 2017 அஞ்சல் கணக்கெடுப்பில் நாடு 61.6 சதவீதம் ஆதரவு தந்தது. 150 தொகுதிகளில் 17 மட்டும் எதிர்த்தன. அவற்றில் 12 சிட்னியில், பெரும்பாலும் அதன் மேற்குப் புறத்தில். தமிழர் பலர் வாழும் பரமட்டா, கிரீன்வே இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. குடியேறிய குடும்பங்கள் நிறைந்த இப்பகுதிகளில் ஆங்கிலப் பிரசாரம் வீட்டுக்குள் போகவில்லை. கோயில், தேவாலயம், மொழிப் பள்ளி, வானொலி எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம் முதலில் போய்விட்டது.

ஆங்கிலத் துண்டறிக்கையை மொழிபெயர்த்து அடித்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள் வேறு: ஊர் என்ன சொல்லும், கோயிலில் செய்யச் சொல்வார்களா, தங்கைக்கு வரன் வருமா. கோயிலும் தேவாலயமும் தம் சடங்கைத் தாமே தீர்மானிக்கும், பதிவுத் திருமணம் வேறு என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பேசப் போகிறவர் 50 வயதுக்கு மேற்பட்ட தாயாகவோ தகப்பனாகவோ இருந்தால் கதவு அகலத் திறக்கும். தன்பாலின ஈர்ப்புள்ள மகனை உடைய ஒரு தாய் முன்வந்தால், அவர் பெயரும் முகமும் வெளியே போவதால் என்னவெல்லாம் வரும் என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள். ஊரிலிருக்கும் உறவினர் வரை அது போய்ச் சேரும். மகனின் சம்மதம் தனியாக வேண்டும்.

சட்டச் சிக்கல்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் பல 501(சி)(3) வகை அமைப்புகள், அதாவது வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்புகள். வேட்பாளரை ஆதரிக்க இவற்றுக்கு அறவே தடை. வாக்கெடுப்புக் கேள்வியில் நிலைப்பாடு எடுக்கலாம், ஆனால் அது சட்டமியற்றல் தொடர்பான பணியாகக் கணக்காகும், அதற்கு வரம்பு உண்டு. "எங்களால் முடியாது" என்று பயந்து ஒதுங்கும் சங்கத்துக்கு இதை எடுத்துக் காட்டுங்கள். செலவுக் கணக்கைத் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர் இந்த மாநில வாக்கெடுப்புகளில் வாக்களிக்கவே கூடாது; தெரியாமல் போட்டாலும் நாடு கடத்தல் வரை போகும். பதிவு முகாமில் முதல் கேள்வி குடியுரிமையாக இருக்கட்டும். நன்கொடைக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, வாங்கும் முன் கேளுங்கள். அயர்லாந்தில் அயல்நாட்டு நன்கொடைக்கே தடை.

அமெரிக்காவில் அஞ்சல்பெட்டிக்குள் தபால்தலை இல்லாத துண்டறிக்கை போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கதவுப் பிடியில் மாட்டுங்கள். வாக்குச்சாவடியைச் சுற்றிப் பிரசாரத் தடை கலிபோர்னியாவில் 100 அடி, மெய்னில் 250 அடி.

கடைசி வாரங்கள்

பல இடங்களில் வாக்களிப்பு இப்போது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் படிவம் செப்டம்பர் 12 முதல் போனது, கடைசித் தேதி நவம்பர் 7. ஆனால் செப்டம்பர் முடிவதற்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள். அக்டோபருக்குத் திட்டமிட்டவர்கள் வாக்களித்து முடித்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். வாக்குச்சீட்டு தபாலில் வரும் நாளைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய வாரத்தையே உச்சமாக வையுங்கள். பெயர் சேர்க்கும் கடைசி நாள் அதற்கும் வெகுமுன்னால் வரும். அதே ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 24. ஸ்விட்சர்லாந்தின் பெரும்பாலான மாநிலங்களில் தபால் வாக்கோடு போகும் அட்டையில் கையெழுத்து இல்லாவிட்டால் வாக்கு செல்லாது. பெற்றோருக்கு உதவும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கடைசி நான்கு நாளில் யாரையும் மாற்ற முயலாதீர்கள். ஆறோ அதற்கு மேலோ எண் சொன்னவர்களின் பட்டியல் மட்டும் கையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் போவீர்கள், யாருடன், எதில் என்று கேளுங்கள்.

இணையர் செய்து வைக்க வேண்டியவை

மணமுடிக்க எண்ணியிருப்பவர்கள் வாக்கு நாளுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. 'முன்மொழிவு 8' செல்லும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2009 மே 26 அன்று தீர்ப்பளித்தபோதும், அதற்கு முன் நடந்த திருமணங்கள் செல்லும் என்றே சொன்னது. மெய்னில் 2009இல் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை; சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே வாக்கெடுப்பு அதை நிறுத்திவிட்டது. உங்கள் ஊரில் எது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். திருமணச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட பிரதிகளை மூன்று நான்காக இப்போதே வாங்குங்கள். உயில், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம், சொத்துக்கான அதிகாரப் பத்திரம் மூன்றையும் திருமணத்தை நம்பாமல் தனித்தனியே எழுதிவையுங்கள். குழந்தை இருந்தால், பெற்றெடுக்காத துணைவர் தத்தெடுப்பு உத்தரவை நீதிமன்றத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருப்பது வேறு மாநிலத்தில் போதாமல் போகலாம். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். வாக்கெடுப்பு அறிவிப்பு வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.